தரவையில் இறங்கிய மாப்பிள்ளை வண்டி

வெள்ளை வேட்டி கட்டியவர்கள் சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளக் கூடாது. தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. என்னைப் பெற்ற அய்யா அன்றைக்கு இரண்டையும் செய்தார்.

காரங்காட்டுக்குத் தெற்கே, கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு தரவை இருக்கிறது. தரவை என்றால் எங்கள் பக்கத்தில் உப்புப் பூத்த வெட்டவெளி. மாசி வெயிலில் பார்த்தால் அரிசிமாவு காயப்போட்ட மாதிரி வெள்ளையாக, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெள்ளை ஒரு விரல்கடை கனம்தான். அதற்குக் கீழே முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு.

அந்த வெள்ளையின் நடுவே எங்கள் புது வண்டி வயிறு தட்டி உட்கார்ந்திருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு, எனக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை. பக்கத்து இருக்கையில் அவருடைய அப்பா. பின்னால் அவருடைய அம்மா, மடியில் பூசைத் தட்டு. நான் கீழே இறங்கி நின்றிருந்தேன். அய்யா வண்டியின் பின்னால்.

"மாமா, தம் கட்டித் தள்ளுங்க! நாலு சக்கரமும் சுத்துது, இந்தா வந்துரும்!" என்றார் மாப்பிள்ளை, ஜன்னல் வழியே.

நாலு சக்கரமும் சுற்றவில்லை. கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவுதான் சுற்றியது. மற்ற இரண்டும் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி சும்மா நின்றுகொண்டிருந்தன.

இந்தக் காட்சியை இப்படியே நிறுத்திவைத்துவிட்டு, நாங்கள் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அய்யா கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டிருக்கட்டும். அவருக்கு அது பழக்கம்.

ஆசைப்பட்டுச் செய்வது

"நாங்க எதுவும் கேக்குற குடும்பம் இல்ல" என்றுதான் பெண் பார்க்க வந்த அன்று ஆரம்பித்தார்கள். இப்படி ஆரம்பிப்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அடுத்த வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும். "ஒங்க பிள்ளைக்கு நீங்க ஆசைப்பட்டுச் செய்யிறத நாங்க தடுக்கவும் மாட்டோம்."

என் அய்யா எதற்கு ஆசைப்பட வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். ஒரு ஃபோர் பை ஃபோர் வண்டிக்கு.

மாப்பிள்ளை சிங்கப்பூரில் ஒரு கட்டுமான இடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தலைக்கவசம் போடாதவனைக் கண்டால் வேலையையே நிறுத்திவிடுகிற உத்தியோகம். அங்கே அவர் ரயிலில்தான் வேலைக்குப் போய் வந்தார். வண்டி நிற்கப் போவது திருவாடானையில், அவர் வீட்டு ஷெட்டில். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து அவர் அதை ஓட்டுவார்.

எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. பனி கிடையாது. மழையே எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுதான். ஆனாலும் நாலு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டி இல்லாமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது என்பதில் மாப்பிள்ளையின் அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி, உறுதியாக இருந்தார். அவர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உறுதியாகச் சொல்லி முப்பது வருஷம் பழகியவர்.

அய்யா கண்மாய்க்குக் கீழே இருந்த நஞ்சை வயலை விற்றார். மிச்சம் இருந்தது முண்டு மிளகாய் போடுகிற மேட்டு நிலம் மட்டும்.

நான் சண்டை போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டேன். சாப்பிடாமல்கூடப் பார்த்தேன். "ஒனக்குத்தானே தாயி. நீயுந்தானே அதுல ஏறிப் போகப்போற" என்றார் அய்யா. அவரிடம் எப்போதும் இப்படி ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் பேசினால் நாம்தான் கெட்டவர்கள் ஆவோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஃபோனில் நன்றாகப் பேசுவார். நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெண் பார்க்க வந்த அன்று நான் கொடுத்த காபியில் சர்க்கரை இல்லாததை யாரிடமும் சொல்லாமல் குடித்தார். ஒரு பெண்ணுக்கு ஒருவனைப் பிடித்துப்போவதற்கு இதெல்லாம் போதுமானதாக இருந்தது. வைகாசியில் கல்யாணம் என்று நாளும் குறித்தாயிற்று.

வேலியைப் பிரித்தோம்

வண்டியோடு சேர்த்து ஒரு கட்டளையும் வந்தது. கொடுத்தவர் மாப்பிள்ளையின் அம்மா. நான் அத்தை என்று கூப்பிட வேண்டியவர்.

"எங்க குலசாமி முன்னால நிறுத்திப் பூசை போடுற வரைக்கும் புது வண்டி ஒரு அடிகூடப் பின்னால போகக் கூடாது. எங்க வீட்டு வழக்கம். வண்டி பின்னால போனா வம்சம் பின்னால போயிரும்."

இரண்டாவது கட்டளை: பூசைக்கு முன்னால் வண்டியிலிருந்து எதுவும் குறையக் கூடாது. காற்றுகூட. டீசல் மட்டும் குறையலாம் போல. அதற்குச் சாமியிடம் தனியாக அனுமதி வாங்கியிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை லீவில் வருகிற வரைக்கும் வண்டி எங்கள் வீட்டில்தான் நிற்க வேண்டும். எங்கள் தெரு முட்டுச்சந்து. உள்ளே போன வண்டி திரும்ப இடமில்லை. பின்னால்தான் வர வேண்டும். பின்னால் வரக் கூடாது. என்ன செய்வது?

அய்யா வீட்டுக்குப் பின்பக்கம் இருந்த முள்வேலியைப் பிரித்தார். வண்டி முன்பக்கமாக வந்து முற்றத்தில் நிற்கும்; போகும்போது கொல்லை வழியாக, பக்கத்துப் புன்செய்க் காட்டுக்குள் புகுந்து, முன்பக்கமாகவே போகும். வண்டி ஊருக்குள் வந்த அன்றைக்கே வேலி போய்விட்டது. அடுத்த நாளே ஆடுகள் உள்ளே வந்து அம்மாவின் கீரைப் பாத்தியை முடித்துவிட்டன. அம்மா ஆட்டைத் திட்டினாள். வேறு யாரையும் திட்ட அவளுக்கு உரிமை இல்லை. பெண்ணைப் பெற்றவள்.

யாரும் படிக்காத புத்தகம்

வண்டிக்குள் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. வண்டியை எப்படி ஓட்டுவது என்று சொல்கிற புத்தகம். ஆண்கள் அதைப் படிப்பதில்லை. அவர்களுக்கு அது பிறக்கும்போதே தெரியும்.

நான் பள்ளி விட்டு வந்ததும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து அதைப் படிப்பேன். இருக்கைகளுக்கு மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே இருக்கும். அசைந்தால் கீச்சென்று சத்தம் போடும். உள்ளே புதுச் செருப்பு வாசம். ராமநாதபுரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தேன். அதைச் சமையலறை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். யாரும் கேட்டதில்லை.

அந்தப் புத்தகத்தில் இருந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒரு மாப்பிள்ளை வரலாம்.

கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லீவர் இருக்கும். அதில் முதல் நிலை டூ ஹெச். அதில் பின் சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும். தார் ரோட்டுக்கு அதுதான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது போதும்.

அடுத்தது ஃபோர் ஹெச். இதில் முன் சக்கரங்களுக்கும் விசை போகும். மணல், ஈர மண், சரளை என்று கால் வழுக்குகிற இடத்துக்கு உரியது. தார் ரோட்டில் போடக் கூடாது. ஏன் என்று கேட்டால் கல்யாணத்தில் அக்கினி சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை துண்டையும் பெண்ணின் முந்தானையையும் முடிச்சுப் போட்டிருப்பார்கள். திரும்புகிற இடத்தில் ஒருவருக்கு வட்டம் பெரியது, ஒருவருக்குச் சின்னது. முடிச்சு இழுக்கும். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் போகிற வட்டம் பெரியது, பின் சக்கரங்கள் போவது சின்னது. இரண்டையும் ஃபோர் ஹெச் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. மணலில் என்றால் சக்கரம் லேசாக வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள்தான் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும்.

கடைசி நிலை ஃபோர் எல், அதாவது லோ. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துத்தான் இதற்கு மாற்ற வேண்டும். வேகம் செத்துப்போகும். பலம் கூடிவிடும். ஆமை வேகத்தில், ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும், வண்டி எதையும் இழுத்துக்கொண்டு வரும்.

நாலு சக்கரத்துக்கும் விசை போகிறது என்றால் நாலும் சேர்ந்து இழுக்கும் என்று அர்த்தமில்லை என்பதையும் புத்தகம் சொல்லியிருந்தது. இடது வலது இரண்டில் எது லேசாகச் சுற்றுமோ அதற்கே விசை ஓடிவிடும். சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று இருந்த பக்கத்தில் அலங்காரமே இல்லை. சக்கரத்தை வெறுமனே சுழற்றாதே. டயரில் காற்றைக் குறை. வந்த தடத்திலேயே பின்னால் போ.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் ஃபோனில் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது என்று நினைத்தேன்.

"நீ டீச்சர்தான். அதுக்குன்னு எல்லாத்தையும் பாடமா எடுக்காத" என்றார். பிறகு யாரோ ஒருவன் பாலைவனத்தில் வண்டியை மேட்டிலிருந்து பறக்கவிடுகிற வீடியோவை அனுப்பிவைத்தார்.

நாலும் ஓடட்டும்

பூசை நாள் வந்தது. சொந்தக்காரர்கள் ஒரு வேனில் முன்னால் போனார்கள். என் அம்மாவும் அதில். புது வண்டியில் மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, நான். கடைசியில் இருந்த மடக்கு இருக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அய்யா.

கொல்லை வழியாக வண்டி முன்பக்கமாகவே கிளம்பியது. மாப்பிள்ளை லீவரை இழுத்து ஃபோர் ஹெச்சில் போட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறிய பிறகும் அதை எடுக்கவில்லை.

"இது தார் ரோடு. டூ ஹெச் போதும்" என்றேன்.

"ஃபோர்ல போனாத்தான் கிரிப்பு."

"நாலுக்கும் சேத்துத்தானே காசு குடுத்திருக்கோம்? நாலும் ஓடட்டும்" என்றார் சம்பந்தி.

குடுத்திருக்கோம் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி இருக்கையில் அய்யா சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டீயரிங் முரண்டு பிடித்தது. அடியில் இருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம். "என்ன மாப்பிள்ளை சத்தம்?" என்று அய்யா பயந்துபோய்க் கேட்டார். "அதான் மாமா பவரு" என்று பதில் வந்தது. அய்யாவுக்குத் திருப்தி. தன் வயல் இவ்வளவு சத்தம் போடும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

சாலையை விட்டு இறங்கினால் குலசாமி கோயிலுக்குப் போக உயர்த்திப் போட்ட மண்பாதை ஒன்று உண்டு. எல்லோரும் அதில்தான் போவார்கள். மீன் ஏற்ற வருகிற லோடு ஆட்டோகூட அதில்தான் போகும். வேன் அதில் போய், கோயிலைச் சேர்ந்திருந்தது; பொங்கலுக்கு அடுப்புப் பற்றவைத்த புகையும் தெரிந்தது.

மாப்பிள்ளை பாதையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தித் தரவையைப் பார்த்தார். பரந்து விரிந்து, வெள்ளையாக, பாலைவனம் மாதிரியே இருந்தது.

"பாதையிலேயே போகலாமே" என்றேன்.

"ஃபோர் பை ஃபோர வாங்கிட்டுப் பாதையில போனா சனம் சிரிக்கும்."

இறக்கினார். முதலில் நன்றாகத்தான் போயிற்று. அத்தை குலவையிட்டார். சம்பந்தி மகனின் தோளைத் தட்டினார். பிறகு உப்புப் பாளம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வண்டி முன்பக்கம் குனிந்து, பெருமூச்சு விட்டு, உட்கார்ந்துகொண்டது. கோயில் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். சனம் சிரித்தது.

முன்னால்தான்

பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரங்கள் சுழன்று குழி பறித்தன. இன்னும் மிதித்தார். இன்னும் ஆழமாகப் பறித்தன. தனக்கே குழி தோண்டுவது என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

நான் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். நாங்கள் வந்த தடம் இறுகிக் கெட்டியாக இருந்தது. பாதையும் கூப்பிடு தூரத்தில்தான்.

"மிதிக்காதீங்க. லோ போட்டு ரிவர்ஸ் எடுங்க. வந்துரும்."

உள்ளே இருந்து அத்தையின் குரல், யாரோ செத்துப்போன மாதிரி. "பின்னாலயா? கோயில் இந்தா தெரியிது! சாமி பாத்துக்கிட்டு இருக்கு! பின்னால எடுக்கச் சொல்றாளே!"

"லோல போட்டா பிக்கப்பே இருக்காது" என்றார் மாப்பிள்ளை.

"சரி, டயர்ல கொஞ்சம் காத்தையாவது எறக்குவோம்."

அத்தை பூசைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

சம்பந்தி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "சம்பந்தி, நீங்க கொஞ்சம் எறங்கித் தள்ளுங்களேன். எனக்கு முட்டி வலி."

அய்யா மடக்கு இருக்கையிலிருந்து இறங்கினார். மாப்பிள்ளையும் இளவட்டம்தான், ஆனால் அவர் ஓட்ட வேண்டும். அய்யா வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தோளில் இறுக்கி, சக்கரத்துக்கு நேர் பின்னால் நின்று கை கொடுத்தார். நான் "அய்யா, தள்ளி நில்லுங்க" என்று கத்துவதற்குள் மாப்பிள்ளை, தம் கட்டித் தள்ளச் சொல்லிக்கொண்டே, ஓங்கி மிதித்துவிட்டார்.

கறுப்புச் சேறு அய்யாவின் நெற்றியிலிருந்து முழங்கால்வரைக்கும் அடித்தது. கண், வாய், புது வேட்டி எல்லாம்.

மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "ஸாரி மாமா!" என்றார், சிரித்துக்கொண்டே. மிதித்த காலை எடுக்கவில்லை. சேறு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சம்பந்தியும் திரும்பிப் பார்த்தார். "அட சம்பந்தி! ஆளே அடையாளம் தெரியலையே!" அப்பாவும் மகனும் சேர்ந்து சிரித்தார்கள்.

அய்யாவும் சிரித்தார். வாயில் போன சேற்றைத் துப்பிவிட்டு, அவர்கள் வருத்தப்பட்டுவிடக் கூடாதே என்று சிரித்தார்.

கோபம் வந்தது என்று எழுதினால் பத்தாது. அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. என் அய்யா இந்தச் சிரிப்பைத் தீபாவளிக்குச் சிரிக்க வேண்டும், பொங்கல் சீருக்குச் சிரிக்க வேண்டும், என் முதல் பிள்ளையின் காதுகுத்துக்குச் சிரிக்க வேண்டும். சாகிறவரை இவர்கள் முன்னால் இப்படிச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது எனக்கு அந்த நிமிஷத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க."

"என்ன?"

"எறங்குங்கன்னேன்."

பன்னிரண்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு வைத்திருக்கிற குரல் அது. சிங்கப்பூர் போய் வந்தவர்களும் ஒருகாலத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான். இறங்கினார். அவருடைய வெள்ளைக் காலணி இரண்டும் சேற்றுக்குள் போய்விட்டன. சம்பந்தியும் முட்டி வலியை மறந்து குதித்தார். அத்தை மட்டும் இறங்க மறுத்தார். பூசைத் தட்டைச் சேற்றுக்குக் கொண்டுபோக முடியாதாம்.

தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து, ஒவ்வொரு டயரிலும் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினேன். "காத்தப் புடுங்குறாளே, பாவி!" என்று மேலே இருந்து ஒப்பாரி. அய்யா பக்கத்தில் வந்தார். குனிந்து, சக்கரங்களுக்குப் பின்னால் இருந்த சேற்றைக் கையால் வழித்துப் போட்டார். காலடி விரிப்புகளை உருவி அந்த இடத்தில் போட்டேன். ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கியரை நியூட்ரலில் வைத்துக் குட்டை லீவரை இழுத்தேன். கடக்கென்று ஃபோர் எல்லில் விழுந்தது. பிறகு ரிவர்ஸ்.

புத்தகத்தில் படித்ததுதானே, நிஜத்தில் நடக்குமா என்ற பயம் இருந்தது. கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி ஒரு தடவை உதறியது. பிறகு நிறைமாசக்காரி எழுந்திருப்பதுபோல, அவசரமே இல்லாமல், எழுந்து பின்னால் வந்தது. பாதைவரைக்கும் வந்தது. பூசைத் தட்டோடு அத்தையும் பின்னாலேயே வந்தார், வாய் ஓயாமல்.

கறுப்புக் கலர்

பாதையில் எல்லோரும் சேர்ந்து நின்றோம். கோயிலிலிருந்து அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். யாராவது ஒருவர் 'நல்லவேளை' என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"பூசைக்கு முன்னால பின்னால போயிருச்சு. காத்தும் போச்சு. இந்த வண்டி எங்களுக்கு ஆகாது" என்றார் சம்பந்தி. வருவாய்த் துறைக் குரல். "வேற வண்டிதான் எடுக்கணும்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சரியாகச் சொல்லக்கூட வேண்டாம், சும்மா 'விடுங்கப்பா' என்றிருந்தால் போதும். நான் இன்றைக்குத் திருவாடானையில் குடியிருந்திருப்பேன். அவர் காலணியைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா சொல்றதும் சரிதான்" என்றார். பிறகு, ஞாபகம் வந்தவராக, "மாத்துறதுன்னா கறுப்புக் கலர் கெடைக்குமான்னு கேளுங்க மாமா" என்றார்.

அய்யா சேறு வடிகிற இரண்டு கைகளையும் கூப்பினார். "மாத்திக் குடுத்துருவோம் சம்பந்தி. மனசுல வச்சுக்கிடாதீக."

எதை வைத்து மாற்றுவார் என்று எனக்குத் தெரியும். மிளகாய் நிலம்தான் மிச்சம்.

முன் கதவைத் திறந்து, "ஏறுங்கய்யா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"சேறு தாயி. சீட்டு அழுக்காயிரும். மாப்பிள்ளை வண்டி."

"இது நம்ம வயலுய்யா. வயலுக்குள்ள எறங்கக் கால் கழுவிட்டாப் போவீங்க?"

அவர் கூப்பிய கைகளை இறக்கினார். பிறகு ஏறி உட்கார்ந்தார். அம்மா பின்னால் ஏறினாள். மூன்று பேரும் வழியெல்லாம் அழுதோம். யாரும் யாரையும் தேற்றவில்லை.

தரகர் வந்தார்

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஊரில் எனக்குப் 'பின்னால எடுத்தவ' என்று பெயர் ஆயிற்று. பள்ளியில்கூட ஒரு சக ஆசிரியை, "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்" என்றார். எதைப் பொறுத்து, எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

அய்யா மட்டும் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மிளகாய் நிலத்துக்கு யாராவது கிராக்கி இருக்கிறதா என்று வெளியே விசாரித்துக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. நான் தூக்கம் இல்லாமல் கிடந்தேன். அய்யா கையைக் கூப்பிக்கொண்டு வந்து என் முன்னாலும் நின்றுவிட்டால் என்ன செய்வேன்? சரி என்று சொல்லிவிடுவேன். அந்தப் பயம்தான் பெரிய பயம்.

ஒரு நாள் கல்யாணத் தரகர் வந்தார். அய்யா களத்தில் காயப்போட்டிருந்த மிளகாயைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசல்படியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்" என்றார் தரகர். "பேசி முடிச்சிட்டேன். வேற வண்டி எல்லாம் வேணாமாம். பூசாரிகிட்டக் கேட்டாகளாம், பரிகாரம் இருக்காம். அதே வண்டியவே எடுத்துக்கிறாகளாம். மனசு வந்து எறங்கி வந்திருக்காக."

அய்யா கிளறுவதை நிறுத்தவில்லை.

"சரி. பிள்ளையப் பத்தி என்ன சொன்னாக?"

"எந்தப் பிள்ளை?"

"எம் மகள."

தரகர் கொஞ்சம் தடுமாறினார். "அது... அதப் பத்தி ஒண்ணும் பேச்சு வரல. வண்டி வந்தாப் பிள்ளையும் கூட வரத்தானே போகுது?"

அய்யா நின்றார். ஒரு மிளகாயைக் கையில் எடுத்து, காம்பைக் கிள்ளி, குலுக்கிக் காதருகே வைத்துப் பார்த்தார். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அப்படித்தான் செய்வார். விதை கலகலத்தது.

"வண்டி சும்மா இல்லைன்னு சொல்லிருங்க" என்றார். "மிளகாய் ஏத்தியாச்சு."

தரகர் திரும்பி வண்டியைப் பார்த்தார். அது வேலியில்லாத முற்றத்தில், பிளாஸ்டிக் உறையோடு, உள்ளே ஒரு மிளகாய்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அய்யா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். தரகர் பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் முதல் மூட்டையைத் தூக்கிப் பின் இருக்கையில் போட்டுவிட்டார்.